செல்விக்குச் சொல்லாத சேதி

எனக்கும் என் ஓரகத்தி செல்விக்கும் சர்க்கரை. கண்ணுக்குள் வேண்டாத ரத்தக் குழாய்கள் புதிதாக முளைத்துக் கசிவதாகத் திண்டுக்கல் டாக்டர் இருவரிடமும் சொன்னார். அவை சுருங்குவதற்காக மாதாமாதம் கண்ணில் ஊசி போட்டார். மூன்றாம் மாதமே செல்விக்குப் பார்வை தெளிந்து ஊசி நின்றது. எனக்கு அதே மூட்டம்தான். அவள் பேப்பரைச் சத்தமாக வாசிப்பதைக் கேட்டாலே எனக்கு வயிறு எரியும்.

ஆஸ்பத்திரியில் இருவருக்கும் என் நம்பரைத்தான் கொடுத்திருந்தோம். ஒருநாள் அங்கிருந்து பேசினார்கள். "போன வாரம் எடுத்த ஸ்கேன்ல செல்விக்கு மறுபடியும் கசிவு தெரியுது. வியாழக்கிழமை கட்டாயம் வரச் சொல்லுங்க."

நான் சொல்லவில்லை. வியாழனும் போய்விட்டது.

மறுவாரம் எனக்கு ஊசி. செல்வி கிளம்பி வந்து நின்றாள். "ஒத்தையில போகாதக்கா, நானும் வாரேன். பஸ் போர்டு பாத்துச் சொல்றேன்."

அதற்கு மேல் என்னால் மறைக்க முடியவில்லை. எல்லாவற்றையும் சொல்லிவிட்டேன்.

"பஸ்சு வந்துரும், நட" என்றாள். ரெட்டியார்சத்திரத்தில் ஏறியதிலிருந்து ஒரு வார்த்தை பேசவில்லை. ஆனால் திண்டுக்கல்லில் ரோட்டைக் கடக்கும்போது என் கையைப் பிடித்துக்கொண்டாள்.

அன்றே அவளுக்கும் ஊசி போட்டார்கள். நல்லவேளை, பார்வை தப்பியது. அந்தப் பேச்சை அவள் பிறகு எடுக்கவே இல்லை. அவள் இடத்தில் நான் அப்படி இருந்திருக்க மாட்டேன். அதை நினைத்தாலும் எனக்குக் கொஞ்சம் பொறாமைதான்.