செல்வி ஆரம்பிச்ச கும்மி

செல்வி போயிட்டா.

மூளையில ரத்தக் கசிவுன்னாங்க. ஐசியூல வெச்சிருந்தாங்க, எப்படியும் எழுந்துடுவான்னு நம்பிட்டு இருந்தோம்... இன்னைக்கு விடிஞ்சதும் அவ வீட்டுக்காரர் போன் பண்ணார்.

கொரட்டூர்ல அவ வீட்டு மாடிப்படியில உட்கார்ந்து தான் இதை எழுதுறேன். கை ஓடல. எழுதாமலும் இருக்க முடியல.

கூடப் படிச்சவங்களுக்கு அவளைத் தெரியும். தெரியாதவங்களுக்காக... பூந்தமல்லி பக்கம் எங்க இன்ஜினியரிங் காலேஜ்ல கிராமிய நடன கிளப் ஆரம்பிச்சவ அவ தான். என் கிளாஸ்மேட். ஆவடி ஃபேக்டரி குவார்ட்டர்ஸ் பொண்ணு.

குவார்ட்டர்ஸ் பக்கம் இருந்து வர்ற காலேஜ் பஸ்ல சீட் சீட்டா போய் ஆள் பிடிச்சா. "உங்க ஊருல இன்னாடி ஆடுவாங்க?"ன்னு எல்லாரையும் கேட்டா. ஒருத்திக்கும் ஒண்ணும் தெரியல.

"தமிழ்நாட்டுல கீற எல்லா ஊரு ஜனமும் நம்ம குவார்ட்டர்ஸ்ல கீது. ஒரு ஆட்டம் தெரில. அசிங்கமா இல்ல?"

அப்புறம் அவளே சொன்னா, எங்க ஊர்க் கும்மி எனக்குத் தெரியும், நான் கத்துத் தரேன்னு. அவங்க சொந்த ஊர் சிவகங்கை பக்கம்.

பஸ் ஷெட் பின்னாடி பிராக்டிஸ். வட்டமா நின்னு, மெதுவா குனிஞ்சு, ஒரு தட்டு, அப்புறம் ரெண்டு கையும் நெஞ்சுக்கு. பாட்டு அவளே கட்டினது, செம ஜாலியா இருக்கும். சத்தியமா சொல்றேன், எங்க யாருக்கும் ஒரு சந்தேகமும் வரல.

வீட்டுல மூச்சு விடல அவ. அம்மாவுக்கு சர்ப்ரைஸாம்.

கிளப் தொடக்க விழா அன்னைக்கு அம்மா முதல் வரிசையில, பட்டுப் புடவை கட்டிக்கிட்டு உட்கார்ந்திருந்தாங்க. ரெண்டாவது சுத்து வரும்போது எழுந்து நின்னு கத்திட்டாங்க.

"ஏத்தா செல்வி! நிறுத்துங்கடி... இது எழவு வீட்டுல மாரடிக்கிறதுடீ!"

விஷயம் என்னன்னா... செல்வி அப்பாவுக்கு ஃபேக்டரியில லீவு கிடைக்கிறது குதிரைக்கொம்பு. ஊர்ல யாராவது செத்தா தான் குடும்பத்தோட கிளம்புவாங்க. செல்வி சின்ன வயசுல ஊர்ல பார்த்த ஒரே ஆட்டம், பொணத்தைச் சுத்தி பொம்பளைங்க மாரடிச்சு அழுறது தான். அதைத் தான் கும்மின்னு நினைச்சிருக்கா, பாவி.

ஆடிட்டோரியமே சிரிச்சது. பிரின்சிபால் சிரிக்கல. நல்ல நாளும் அதுவுமா அபசகுனம்னு குதிச்சார், கிளப்பையே மூடுறேன்னார்.

நாங்க எல்லாரும் போய்க் கெஞ்சினோம். கடைசியில, கிளப் இருக்கட்டும், ஆனா இந்தப் பொண்ணு மேடை ஏறக் கூடாதுன்னு சொல்லிட்டார்.

இன்னைக்கு நினைச்சாலும் எனக்குப் பத்திக்கிட்டு வருது. தெரியாம பண்ணதுக்கு இப்படி ஒரு தண்டனையா?

என்னை அடக்கினதே அவ தான். "வுடுடி. நான் ஆடலன்னா இன்னா இப்போ? கிளப் கீது இல்ல?"

கொஞ்ச நாள்லயே அம்மாவை பஸ் ஷெட்டுக்கு இழுத்துட்டு வந்தா. நிஜக் கும்மி அங்க தான் கத்துக்கிட்டோம். "கைய நெஞ்சுக்குக் கொண்டு போகாதீங்கடி, முன்னால தட்டுங்க"ன்னு அம்மா சத்தம் போட்டுட்டே இருப்பாங்க.

காலேஜ் முடியுற வரைக்கும் செல்வி மேடை ஏறல.

எங்களுக்குப் பூ வெச்சு விடுவா, சேலைக்குப் பின் குத்தி விடுவா, அப்புறம் சைடு ஸ்கிரீன் பின்னாடி போய் நின்னுக்குவா. பாட்டு ஆரம்பிச்சா அங்கேயே முழுசா ஆடுவா. அவளைப் பார்த்துட்டே நான் எத்தனையோ தடவை ஸ்டெப்பை விட்டிருக்கேன்.

அப்புறம் வேலை, கல்யாணம், குழந்தைங்க... "எல்லாரும் சேர்ந்து எங்கனா ஒரு மேடையில ஆடணும்டி"ன்னு பார்க்கும்போதெல்லாம் சொல்லுவா. ஆடலாம் ஆடலாம்னு சொல்லிட்டே இருந்தோம்.

இன்னைக்குக் காலையில உள்ள போனேன். ஃப்ரீசர் பாக்ஸ் பக்கத்துல அம்மா. அழுகை கூட இல்ல. என் கையைப் பிடிச்சு இழுத்துப் பக்கத்துல உட்கார வெச்சாங்க.

"அன்னைக்கு நான் வாய மூடிக்கிட்டு இருந்திருந்தா என் புள்ள ஆடியிருப்பாள்ல... அங்கன வேற ஒருத்தருக்கும் தெரியாதேத்தா, அது எழவு ஆட்டம்னு."

இத்தனை வருஷம் இதை மனசுல வெச்சுக்கிட்டு இருந்திருக்காங்க.

அவ உங்களை ஒரு நாளும் குத்தம் சொன்னதில்லம்மான்னு மட்டும் சொன்னேன். நிஜமும் அது தான்.

அவங்க காதுல விழுந்த மாதிரியே தெரியல. பாக்ஸ் கண்ணாடியில படியுற ஈரத்தை முந்தானையால துடைச்சுட்டே இருந்தாங்க.

சாயங்காலம் எடுக்குறாங்க. கிளப்ல இருந்தவங்க வர முடிஞ்சா வாங்க. வந்தா அம்மாகிட்ட கொஞ்ச நேரம் உட்காருங்க.

நீ போ செல்வி... அம்மாவை நாங்க பார்த்துக்கிறோம்.