நாற்காலியில் மாட்டிய ஸ்வெட்டர்

இன்று காலை பழைய கம்ப்யூட்டரைக் காயலான் கடைக்குப் போடலாம் என்று எடுத்தேன். கடைசியாக ஒருமுறை ஸ்விட்சைப் போட்டதும் சூடேறிய தூசியின் வாசனை வந்தது. திரையில் ஒன்றும் வரவில்லை. ஆனால் அந்த வாசனையோடு ஏ.எஸ்.ராவ் நகர் வீட்டின் முன்னறை வந்தது, அதில் எனக்கு முதுகைக் காட்டி உட்கார்ந்திருக்கும் என் மகள் சுதாவும் வந்தாள்.

அவள் பொறியியல் முடித்த வருஷம். பெரிய சாஃப்ட்வேர் கம்பெனி ஒன்றில் வேலை கிடைத்திருந்தது. திங்கட்கிழமை சேர வேண்டும். அவளோ கேம் செய்யப் போகிறேன் என்றாள். காரணம், வெளிநாட்டில் யாரோ தன் அறையில் தனியாளாக உட்கார்ந்து செய்த ஒரு விளையாட்டு. இண்டி கேம் என்பார்களாம். அதில் ஒரு கிழவர் எண்ணெய் டப்பாவோடு கலங்கரை விளக்கத்தில் ஏறுவார், விளக்கேற்றுவார், இறங்குவார்.

"இதுல யாரைச் சுடணும்?" என்றேன்.

"யாரையும் சுட வேணாம்ப்பா. அவரு அவரோட வேலையப் பாக்கறாரு. இத ஆடினப்புறம்தான் நம்ம வீட்லயும் ஒரு கேம் இருக்குன்னு தோணிச்சு."

வீட்டில் இருந்தது நான்தான். எலக்ட்ரானிக்ஸ் ஆலையின் நிர்வாகப் பிரிவில் முப்பது வருடம். எந்தப் படிவத்துக்கு எத்தனை நகல் என்று தூக்கத்தில் கேட்டாலும் சொல்வேன். யாரும் கேட்டதில்லை என்பது வேறு. அவள் செய்திருந்த விளையாட்டில் ஒரு வழுக்கைத் தலையர் கோப்போடு முத்திரை வாங்க மேஜை மேஜையாக நடந்தார். என் மனைவி எட்டிப் பார்த்தாள்.

"அப்படியே ஒங்கப்பாதாம்ளா. என்ன, இவரு கொஞ்சம் வெரசா நடக்காரு."

"கடைசி வரைக்கும் ஆடிப் பாருங்கப்பா," என்றாள் சுதா. "நல்லா இல்லேன்னா சொல்லுங்க, திங்கக்கிழமை போய்ச் சேந்துடறேன்."

குறை கண்டுபிடிக்கும் தீர்மானத்தோடுதான் உட்கார்ந்தேன். மூன்றாவது மேஜையில் ஆள் இல்லை. நாற்காலியில் ஸ்வெட்டர் மாட்டியிருந்தது. எங்கள் ஆபீஸில் ஸ்வெட்டர் இருந்தால் ஆள் இருப்பதாகவே பொருள். இதற்குச் சுற்றறிக்கை கிடையாது, மீறியவரும் கிடையாது. ஆகவே நின்றேன். காபி வந்தது, குடித்தேன். நின்றுகொண்டே இருந்தேன்.

"ஏம்ப்பா நகரவே மாட்டேங்கறீங்க?"

"ஸ்வெட்டர் கெடக்குல்லா. வருவாரு."

"நக்கோ அப்பா, நிக்க வேணாம். அவரு வரவே மாட்டாரு. நீங்களே முத்திரையைக் குத்திட்டுப் போய்ட்டே இருக்கணும். அதான் கேமே."

"அடுத்தவன் முத்திரையைத் தொட்டா மெமோ தருவான்."

முதலில் சிரித்தாள். பிறகு சிரிப்பை நிறுத்திவிட்டு, "முப்பது வருஷமும் இப்படியேவா நின்னீங்க?" என்றாள்.

எனக்குத் தெரிந்த எந்தப் படிவத்திலும் அதற்குக் கட்டம் இல்லை. "நல்லாத்தான் இருக்கு" என்றேன். வேறு எதையோ சொல்லத்தான் வாயைத் திறந்திருந்தேன்.

வேலையையும் விடக் கூடாதே என்று, சேர மூன்று மாத அவகாசம் கேட்டு நானே விண்ணப்பம் எழுதிக் கொடுத்தேன். 'தவிர்க்க இயலாத குடும்பக் காரணங்களால்.' எங்கள் ஆலையில் அந்தக் கடிதம் பதில் இல்லாமல் சுற்றி வருவதற்கே மூன்று மாதம் ஆகிவிடும். கம்பெனி அன்று மாலையே வேலையை ரத்து செய்தது. பிழையில்லாத விண்ணப்பம். சுதா விழுந்து விழுந்து சிரித்தாள். நான் ஒரு மாதம் சரியாகத் தூங்கவில்லை.

இப்போது அவள் உப்பலில் இரண்டு நண்பர்களோடு ஒரு சின்ன அறை பிடித்து விளையாட்டுகள் செய்கிறாள். பிழைப்பு நடக்கிறது. அன்றைய விளையாட்டில் எனக்காக ஒன்றை மாற்றினாள்: பொறுமையாக நின்றால் ஸ்வெட்டர்காரர் வந்துவிடுவார். எவ்வளவு நேரம் என்று மட்டும் சொல்லவில்லை. ஓய்வு பெற்றதும் நின்று பார்த்துவிட வேண்டும் என்று நினைத்தேன். அப்புறம் அடுத்த வருஷம், அதற்கடுத்த வருஷம் என்று போயிற்று.

ஆலையில் இப்போது கோப்புகள் நடப்பதில்லை. ஸ்வெட்டர்காரர்களில் பாதிப் பேர் போய்ச் சேர்ந்துவிட்டார்கள். அந்த விளையாட்டு புதிய கம்ப்யூட்டர்களில் ஓடாதாம். இந்தப் பெட்டிக்குள் எங்கேயோ, நான் கடைசியாக விட்ட இடத்தில், மூன்றாவது மேஜை முன்னால் அந்த வழுக்கைத் தலையர் கோப்போடு நின்றுகொண்டிருக்கிறார்.

வாசலில் காயலான் கடைக்காரர் இரண்டாம் முறை மணி அடிக்கிறார்.