ரினியூவல் உறையில் இருந்த மதிப்பெண் அட்டை

அப்பா இறந்து இருபது நாள் கழித்து அவருடைய காக்கி நிறக் கோப்பைத் திறந்தோம். உள்ளே மூன்று உறைகள். ‘செல்லும்’, ‘ரினியூவல்’, ‘முடிந்தது’ என்று அவரே எழுதி ஒட்டியவை. அக்காவின் நீட் மதிப்பெண் அட்டை, லாமினேஷன் செய்து, ‘ரினியூவல்’ உறையில் இருந்தது. அது காலாவதியாகிச் சில வருஷங்கள் ஆகிவிட்டன. எனக்குச் சிரிப்பு வரவில்லை, எரிச்சல்தான் வந்தது.

வண்டிகளுக்கு லைசன்ஸும் பர்மிட்டும் கொடுக்கும் அரசு அலுவலகத்தில் அப்பா முப்பது வருஷம் கிளார்க். தேதி தாண்டிய காகிதங்களுக்கு நடுவிலேயே வாழ்ந்த மனிதர். எதற்கும் ஒரு படிவமும் அபராதமும் உண்டு, கட்டினால் காகிதத்துக்கு மறுபடி உயிர் வந்துவிடும் என்று நம்பினார். விவேக் நகரில் எங்கள் தெருக்காரர்கள் அவரிடம்தான் யோசனை கேட்பார்கள். “டேட் போனா என்னப்பா, சொல்ப ஃபைன் கட்டினா முடிஞ்சிது” என்று கன்னடம் கலந்து தைரியம் சொல்லி அனுப்புவார்.

நான் பத்தாவதில் சேர்ந்த ஜூன் மாதம் அக்கா நீட்டில் தேறினாள். இங்கே அரசு சீட்டுக்கு மார்க் போதவில்லை, வெளிநாட்டில் டாக்டருக்குப் படிக்கப் போதும். உள்நாட்டுக்கு அந்த மதிப்பெண் அந்த ஒரு வருஷம்தான் செல்லும். வெளிநாட்டுக்கு ரிசல்ட் வந்த நாளிலிருந்து மூன்று வருஷம். பாஸ்போர்ட் எடுப்பதற்குள் அம்மாவுக்குப் பக்கவாதம் வந்தது. “மூணு வருஷம் செல்லும்ல, அம்மா எழுந்து நடக்கட்டும்” என்றார் அப்பா. அக்கா வீட்டிலேயே இருந்துவிட்டாள். அம்மாவைத் தூக்கி உட்கார வைத்தாள், குளிப்பாட்டினாள், எனக்கு டிபன் கட்டிக் கொடுத்தாள். மூன்றாம் வருஷம் அம்மா சுவரைப் பிடித்துக்கொண்டு நடக்க ஆரம்பித்தபோது, எனக்குப் பன்னிரண்டாவது, இங்கே சொல்கிற பியூசி, முடிந்து இன்ஜினியரிங் சீட்டுக்கான அலைச்சல் தொடங்கியிருந்தது. அப்பா லீவு போட்டு என்னோடு அலைந்தார். “இவன் ரேங்க் இந்த வருஷம் விட்டா போச்சு. உன்னுது எங்க போயிடப் போவுது?” என்று அக்காவிடம் சொன்னார்.

மே மாதக் கடைசியில் ஒரு காலை அக்கா என்னைச் சமையலறைக்குக் கூப்பிட்டாள். காலண்டரில் ஜூன் மாதத்துத் தேதி ஒன்றைப் பேனாவால் வட்டமிட்டிருந்தாள். “இதுக்குள்ள அட்மிஷன் போட்டாகணும்டா. நான் சொன்னா, அப்பா கிரேஸ் பீரியட் இருக்கும்ங்கறார். நீ சொன்னா கேப்பார். சொல்றியா?” சொல்கிறேன் என்றேன். சொல்லவில்லை. சொன்னால் அப்பா அவளோடு அலையப் போய்விடுவார், என் சீட்டு கைநழுவிவிடும் என்று பயந்தேன். பதினெட்டுகூட நிரம்பாத வயது என்று இப்போது சப்பைக்கட்டு கட்டலாம். ஆனால் அது சுயநலம் என்று எனக்கு அப்போதே தெரியும்.

என் சீட்டு உறுதியான பிறகு, ஜூலையில், வெளிநாட்டுப் படிப்புக்கு ஆள் சேர்க்கும் பிரேசர் டவுன் அலுவலகம் ஒன்றுக்கு மூவரும் போனோம். மேசையிலிருந்த பெண் அட்டையைப் பார்த்துவிட்டு, போன மாதமே முடிந்துவிட்டது என்றாள். அப்பா பதறவே இல்லை. சட்டைப்பையிலிருந்து பேனாவை எடுத்து மூடியைக் கழற்றினார்.

“பரவால்லம்மா, ஃபைன் எவ்ளோன்னு சொல்லுங்க. ரினியூவல் ஃபாரம் குடுங்க.”

“சார், இது வண்டி லைசன்ஸ் இல்ல. திரும்ப எக்ஸாம்தான் எழுதணும்.”

அப்பா பேனாவை மூடிச் சட்டைப்பையில் செருகினார். அக்கா அட்டையை வாங்கிப் பைக்குள் வைத்துக்கொண்டாள். மறுபடி எழுது என்று எல்லோரும் சொன்னார்கள், என்னவோ கடைக்குப் போய்வா என்பது போல. மூன்று வருஷம் புத்தகத்தைத் தொடாமல் படுக்கை விரிப்பு துவைத்தவள் எழுதினாள், தேறவில்லை. இப்போது மருத்துவக் காப்பீட்டு நிறுவனம் ஒன்றில் டாக்டர்கள் எழுதிய குறிப்புகளைக் கணினியில் சரிபார்க்கிறாள். நான் நல்ல வேலையில் இருக்கிறேன்.

கோப்பைப் பிரித்த அன்று அவள் என் பக்கத்தில் உட்கார்ந்திருந்தாள். அம்மா உள்ளே படுத்திருந்தாள். அக்கா அட்டையைத் திருப்பித் திருப்பிப் பார்த்தாள். லாமினேஷன் புண்ணியத்தில் ஒரு மடிப்புகூட விழவில்லை.

“அன்னிக்கு நீ அப்பாகிட்ட சொன்னியாடா?” இத்தனை வருஷத்தில் முதல் தடவையாகக் கேட்டாள்.

“சொன்னேன்க்கா. அவர்தான் கேக்கல.”

“தெரியும். அவர் கேக்க மாட்டார்” என்றாள். பிறகு அட்டையை ‘முடிந்தது’ உறைக்குள் வைத்தாள்.