அப்பா யார் வீட்டுப் பிள்ளை?

அப்பா எங்களை விட்டுப் போய் ஓராண்டு நிறைகிறது. இந்த நினைவு மலருக்காக அவரைப் பற்றி எழுத உட்கார்ந்தால் ஊர், உறவு, வழக்கம் எல்லாம் குழம்புகிறது. தெரிந்தவரை எழுதுகிறேன், பெரியவர்கள் பொறுத்துக்கொள்ள வேண்டும்.

அப்பா பிறந்தது ஆப்பிரிக்காவில், கானா நாட்டின் குமாசி நகரில். சிறு வயதிலேயே தந்தையை இழந்தவரைத் தாய்மாமாதான் வளர்த்தார். செம்மண் மைதானத்தில் வெறுங்காலோடு கால்பந்து ஆடிய பிள்ளையை ஒரு ஏஜென்ட் பார்த்துக் கொல்கத்தாவுக்கு அழைத்து வந்தார். பிறகு கோவா, கேரளம் என்று ஜெர்சி மாற்றி மாற்றி ஆடினார். மழைக்காலத்தில் ஆட்டம் இல்லாமல், பேச்சுத் துணைக்கும் ஆள் இல்லாமல், சோறும் ஊறுகாயுமாக அறைக்குள் கிடந்த மாதங்களும் உண்டு.

அப்பா நடுக்கள ஆட்டக்காரர். இது எங்கள் தெருவில் யாருக்குமே புரியவில்லை. எத்தனை கோல் போட்டீங்க என்று கேட்பார்கள். விரல் விட்டு எண்ணிவிடலாம் என்பார். சரி, கோல் விழாமல் தடுத்தீர்களா என்றால், அதற்கு கோல்கீப்பர் இருக்கிறாரே என்பார். பின்னே என்னதான் செய்தார் என்று எனக்கே வெகுநாள் சந்தேகம். பின்னால் இருப்பவரிடம் பந்தை வாங்கி முன்னால் இருப்பவருக்குக் கொடுப்பது தன் வேலை, பேர் வாங்குவது அவர் வேலை என்று சொல்லிச் சிரிப்பார்.

திருச்சிக்கு ஒரு போட்டியில் ஆட வந்தபோது முழங்காலில் ஜவ்வு கிழிந்தது. அவருக்கு பிசியோதெரபி கொடுத்தவர் அம்மா, ஸ்ரீரங்கத்துப் பெண். கால் குணமானது, கல்யாணமும் ஆனது. அன்றோடு அம்மாவுக்குப் பிறந்த வீடு இல்லை என்று ஆகிவிட்டது. நாங்கள் இருக்கும் கே.கே. நகரிலிருந்து பஸ் ஏறினால் போய்விடலாம். ஆனால் அங்கிருந்து ஒரு போன்கூட வந்ததில்லை.

அப்பா மறுபடி பெரிய ஆட்டம் எதிலும் இறங்கவில்லை. பிள்ளைகளுக்குப் பயிற்சி கொடுத்தார். அம்மா கற்றுக்கொடுத்த மரியாதைத் தமிழ் ஒன்றுதான் அவருக்கு வரும். மைதானத்தில் படுத்திருக்கும் நாயிடம்கூட, கொஞ்சம் தள்ளிப் படுங்க என்பார்.

ஒரு நாள் காலை பயிற்சி முடிந்து உட்கார்ந்தவர் எழுந்திருக்கவில்லை. மாரடைப்பு. அப்பா கிறிஸ்தவர் என்பதால் கல்லறைத் தோட்டத்தில் இடம் கேட்டு வாங்கி, குழியும் வெட்டியாகிவிட்டது. அப்போதுதான் குமாசியிலிருந்து அப்பாவின் தாய்மாமா போன் செய்தார். உடலை அனுப்பச் சொன்னார். அவர்கள் வழக்கத்தில் பிள்ளைகள் தாய்வழிக் குடும்பத்துக்குச் சொந்தமாம். இறந்தவரை அடக்கம் செய்யும் உரிமையும் அவருடைய தாய் வீட்டாருக்குத்தானாம். மனைவி, மகள் எல்லாம் அப்புறம்தான். எனக்குக் கோபம் பொத்துக்கொண்டு வந்தது. அப்படியானால் நான் யார் என்று ஆங்கிலத்தில் கத்தினேன். நீ உன் அம்மா வீட்டுப் பிள்ளை என்று அவர் பொறுமையாகச் சொன்னார்.

எந்த வீடு? நம் வழக்கப்படி நான் அப்பா வீட்டுப் பிள்ளை. அந்த வீடு கடல் தாண்டி இருக்கிறது. அவர்கள் வழக்கப்படி ஸ்ரீரங்கத்துப் பிள்ளை. அந்த வாசலை நான் மிதித்ததே இல்லை. போனை அம்மாவிடம் கொடுத்தேன். அம்மா சம்மதிக்க மாட்டார் என்றுதான் நினைத்தேன். எல்லாவற்றையும் கேட்டுவிட்டு, சரி என்று சொல்லி போனை வைத்தார்.

"ஏம்மா?"

"கூப்பிடறதுக்கு அவருக்கு மனுஷா இருக்கா. போகட்டும்."

வெட்டிய குழியை மூடினார்கள். குமாசியில் நடந்த அடக்கத்தை போனில் பார்த்தோம். எல்லாரும் சிவப்பும் கறுப்பும் உடுத்தி மேளத்துக்கு ஆடினார்கள். அந்த மாமா அழுதுகொண்டே ஆடினார். அழுவதா, கைதட்டுவதா என்று தெரியாமல் நானும் அம்மாவும் சோபாவில் உட்கார்ந்திருந்தோம். இன்றைக்குப் போய்ப் பூ வைக்க இந்த ஊரில் எங்களுக்கு ஓர் இடம் இல்லை. அனுப்பியது சரியா, தப்பா, இன்னும் எனக்குப் பிடிபடவில்லை.

உடலை அனுப்ப எங்களோடு அலைந்த, அப்பாவிடம் பயிற்சி பெற்ற பிள்ளைகளின் பெற்றோர்களுக்கும், குழி வெட்டியவர்களுக்கும், அந்த வாரம் முழுக்கச் சாப்பாடு கொண்டுவந்த தெருக்காரர்களுக்கும் அம்மாவும் நானும் நன்றி சொல்கிறோம்.

இந்த மலரின் பிரதி ஒன்றை ஸ்ரீரங்கத்தில் இருக்கும் அம்மாவின் அண்ணாவுக்கும் அனுப்புகிறேன். அம்மா திட்டினால் திட்டட்டும். மாமா, நாம் பார்த்துக்கொண்டதே இல்லை. அம்மா இங்கேதான் இருக்கிறார். உயிரோடு இருக்கும்போதே ஒரு தடவை கூப்பிடுங்கள்.