ஜூன் மாதத்திலேயே நின்ற கம்ப்யூட்டர்

அந்த மானேஜர் இன்று எதிரில் வந்தாலும் நாலு வார்த்தை நறுக்கென்று கேட்பேன். இரண்டாயிரத்துக்குப் பிந்தைய வருடங்கள். ஆம்பூரில் ஷூவின் மேல்பாகமான அப்பரைத் தைக்கும் கம்பெனி ஒன்றில் ஆகஸ்டில்தான் கம்ப்யூட்டர் வேலைக்குச் சேர்ந்திருந்தேன். வாணியம்பாடியிலிருந்து பஸ்ஸில் நின்றுகொண்டே வந்து போவேன்.

அக்டோபரில் ஒரு நாள், எங்களிடம் அப்பர் வாங்கும் ஜெர்மனிக்காரர்களின் இணையதளத்தில் ஆர்டரை உறுதி செய்ய வேண்டும். நாலு மணி தாண்டினால் ஆர்டர் வேறு கம்பெனிக்குப் போய்விடும். என் கம்ப்யூட்டர் ரிப்பேர் என்பதால், தோல் வெட்டுவதற்கான அளவு மாதிரி வரையும் பேட்டர்ன் செக்‌ஷன் கம்ப்யூட்டரில் உட்கார்ந்தேன். தளத்தைத் திறந்தால் எச்சரிக்கை: பாதுகாப்புச் சான்றிதழின் தேதி செல்லாது. அப்படி வந்தால் பாஸ்வேர்டு போடாதீர்கள் என்று ஜெர்மனிக்காரர்களே எழுதி அனுப்பியிருந்தார்கள்.

மானேஜர் பின்னால் வந்து நின்றார். "இன்னாம்மா, யெஸ்னு அழுத்திட்டுப் போயேன்."

"சார், அது அவங்க சைட்டுதானான்னு மொதல்ல பாக்கணும்."

"நீ வந்ததுலருந்து ஒரே பேஜாரு. ஆர்டர் போச்சுன்னா நாளைக்கு வேலைக்கு வராத."

பத்துப் பேர் எதிரில் சொன்னார். பல்லைக் கடித்துக்கொண்டு சான்றிதழைத் திறந்தேன். பெயர் சரி. கொடுத்த நிறுவனமும் சரி. இந்த செப்டம்பர் முதல் அடுத்த செப்டம்பர் வரை செல்லும். அப்புறம் என்ன கேடு? திரையின் மூலையிலிருந்த கடிகாரத்தின் மேல் மௌஸை வைத்தேன். ஜூன் மாதம் என்றது. செப்டம்பரில் தொடங்கும் சான்றிதழ் ஜூனில் எப்படிச் செல்லும்?

பேட்டர்ன் போடும் அண்ணனைக் கேட்டேன். அவருடைய சாஃப்ட்வேர் முப்பது நாளுக்குத்தான் இலவசமாம். அது நின்றுவிடாமல் இருக்கத் தினமும் காலையில் தேதியை ஜூனுக்குத் திருப்பிவிடுவாராம். "மானேஜர் சொல்லித்தாம்மா செய்றேன்" என்றார்.

தேதியைச் சரிசெய்தேன். எச்சரிக்கை இல்லாமல் தளம் திறந்தது. மூன்றே முக்காலுக்கு ஆர்டர் உறுதியானது. நன்றி என்று ஒரு வார்த்தை வரவில்லை. அதற்குள் பேட்டர்ன் சாஃப்ட்வேர் நின்றுபோயிருக்க, நான்தான் கெடுத்தேன் என்று மானேஜர் குதித்தார். தேதியைப் பழையபடி திருப்பச் சொல்லி, அதே கம்ப்யூட்டரில் எனக்கு மெமோ அடித்தார். அலட்சியமாம், சொல்பேச்சு கேட்பதில்லையாம்.

மெமோவில் கம்ப்யூட்டர் தானாகப் போட்ட தேதி ஜூன். நான் வேலைக்குச் சேர்வதற்கு முன்பே செய்த தப்புக்கு விளக்கம் கேட்டிருந்தார். அதை எடுத்துக்கொண்டு நேரே முதலாளி அறைக்குப் போனேன். அவர் தேதியைப் பார்த்தார், மெமோவைக் கிழித்துப் போட்டார். வேலை தப்பியது. மறுநாளிலிருந்து காலையில் தேதியை ஜூனுக்குத் திருப்புவதும், தளத்தைத் திறக்கும்போது சரிசெய்வதும் என் பொறுப்பு என்றார்.

சரிங்க சார் என்றேன். அந்தத் திருட்டு வேலையை இரண்டு வருடம் செய்தேன். மானேஜர் மேல் இருப்பதைவிட அதிகக் கோபம் எனக்கு என்மேல்தான்.