மச்சானின் சிவப்புக் கோடு

மச்சானின் லென்ஸை மேசைமேல் வைத்தால் அம்மிக்குழவியை வைத்ததுபோல் சத்தம் வரும். முழுக்க உலோகமும் கண்ணாடியும். ஃபிலிம் காலத்து லென்ஸ் அது. இடையில் ஒரு வளையத்தை மாட்டி டிஜிட்டல் கேமராவில் பொருத்தியிருந்தார். ஆட்டோ ஃபோகஸ் கிடையாது, கையால் திருகித்தான் ஃபோகஸ் வைக்க வேண்டும். அதைக் கேட்காமல் எடுத்துப் பார்த்த குற்றத்துக்காக, எங்கள் ஆல்பம் டிசைனரின் நெற்றியில் ஸ்டேப்ளரை விட்டெறிந்தார். ரத்தம் கீபோர்டில் சொட்டியது. மச்சான் முதலில் லென்ஸைத் துடைத்து மூடி போட்டார். அப்புறம்தான் ஆட்டோ கூப்பிட்டார்.

மச்சான் என்றால் என் மனைவியின் அண்ணன். கடலூர் மஞ்சக்குப்பத்தில் ஸ்டுடியோ வைத்திருந்தார். நான் சிதம்பரத்திலிருந்து தினமும் பஸ் பிடித்துப் போய் அவரோடு கல்யாணங்களுக்குப் படம் எடுத்தேன். மங்கலான படத்தைக் கண்டால் அவருக்குப் பேய் பிடித்துவிடும். ஒரு தாலி கட்டும் படத்தில் மணமகனின் மூக்கு தெளிவாகவும் கண் மங்கலாகவும் விழுந்துவிட்டது. மண்டப வாசலில், நாதஸ்வரக்காரர்கள் பார்க்க, என் கன்னத்தில் அறைந்தார். "அடியாத மாடு படியாது மாப்ள" என்று சிரிக்கவும் செய்தார். வீட்டில் சொன்னால் என் மனைவி, "அண்ணன் கோவக்காருதான், ஆனா மனசு கொழந்தங்க" என்பாள். அந்தக் குழந்தையிடம் அடி வாங்கியவர்கள் மஞ்சக்குப்பத்தில் தெருவுக்கு ஒருவர் இருந்தார்கள்.

அவர் ஃபோகஸ் வைப்பதற்கு இரண்டு துணைகள் உண்டு. ஒன்று பீக்கிங். எந்த இடம் தெளிவாக இருக்கிறதோ அந்த இடத்தின் விளிம்புகளில் கேமராவே ஒரு வண்ணக் கோடு போட்டுக் காட்டும். மச்சான் அதைச் சிவப்பில் வைத்திருந்தார். வளையத்தைத் திருகத் திருக, அந்தச் சிவப்பு மனிதர்களின் காது, புருவம், காலர் என்று எறும்பு மாதிரி ஊர்ந்து போகும். படத்தில் அது விழாது. பார்க்கிறவர் கண்ணுக்கு மட்டும்தான். இன்னொன்று ஒரு பட்டன். அழுத்தினால் ஒரு சின்னக் கட்டத்துக்குள் இருப்பதை மட்டும் பல மடங்கு பெரிதாக்கிக் காட்டும். அந்த நேரத்தில் மற்றது எதுவும் தெரியாது. இதையெல்லாம் நான் அப்போது வாய்வார்த்தையாகத்தான் அறிந்திருந்தேன். என் கேமரா ஆட்டோ ஃபோகஸ்.

ஒருமுறை ஒரு கல்யாண வரவேற்புக்குக் கடலூர் மண்டபம் ஒன்றுக்குப் போயிருந்தோம். பெண்ணின் அப்பா பண்ருட்டியில் பலாப்பழ வியாபாரி. பந்திக்கென்று பழங்களை லாரியில் கொண்டுவந்து இறக்கியிருந்தார். பின்பக்கம் ஆட்கள் கையிலும் கத்தியிலும் எண்ணெய் தடவிக்கொண்டு பிளந்துகொண்டிருந்தார்கள். வாசலில் நாங்கள் அடித்துக் கொடுத்த பேனர். எங்கள் பக்கத்துக் கல்யாணப் பேனரில் மாமன், பங்காளி, நண்பன் எல்லார் முகமும் வட்ட வட்டமாக வரிசை முறைப்படி இருந்தாக வேண்டும். பத்திரிகை வைக்க மறந்தால்கூட மன்னிப்பார்கள், பேனரில் முகம் விட்டுப்போனால் ஜென்மப் பகை. மணமகனின் சித்தப்பா மகனுடைய முகம் அந்தப் பேனரில் இல்லை. மறந்து போகவில்லை. அவர் அனுப்பிய செல்போன் படம் மங்கல். "மங்கலான மூஞ்சிய என் பேனர்ல போடமாட்டேன்" என்று மச்சான்தான் எடுத்துவிட்டார். எடுக்க வேண்டாமென்று நான் சொன்னேன். கேட்டால்தானே.

பொழுது சாயும் நேரத்தில் அந்தச் சித்தப்பா மகன் வந்தார். நன்றாகக் குடித்திருந்தார். கையில் பலாப்பழம் பிளக்கும் நீளக் கத்தி. முதலில் பேனரை மேலிருந்து கீழாக ஒரே இழுப்பில் கிழித்தார். தடுக்கப்போன பெண்ணின் தாய்மாமனைக் கத்திப் பிடியால் வாயில் குத்த, அவர் பற்களைத் துப்பிக்கொண்டு உட்கார்ந்தார். நாற்காலிகள் பறந்தன. இரண்டு வீட்டுப் பிள்ளைகளும் யாரை யார் அடிக்கிறோம் என்று தெரியாமலே அடித்துக்கொண்டார்கள். யாரோ ஒருவர் தலையை யாரோ சுவரில் மோதிய சத்தம் இன்றும் என் காதில் இருக்கிறது.

"எவன்டா இந்தப் பேனர அடிச்சது?" என்று சித்தப்பா மகன் கத்தினார். மச்சான் கேமராவைக் கண்ணில் வைத்தபடி நின்றார். வாய் திறக்கவில்லை. நானோ ஸ்டுடியோ பெயர் போட்ட வெள்ளை டீ-ஷர்ட்டில் இருந்தேன். "அண்ணே, நாளைக்கே வேற அடிச்சித் தந்துடறோம்ண்ணே" என்றேன், சமாதானம் பண்ணுகிறேன் பேர்வழி என்று. கத்தி என் இடது தோளில் இறங்கியது. வலி உடனே தெரியவில்லை. பலாப்பால் வாசனைதான் முதலில் தெரிந்தது. பேனர் கட்டியிருந்த சவுக்குக் கம்பத்தில் சாய்ந்து உட்கார்ந்தேன். டீ-ஷர்ட் சிவந்துகொண்டே வந்தது. எதிரே மச்சான். "மச்சான்... மச்சான்..." என்று கூப்பிட்டேன்.

"அசையாத மாப்ள, அசையாத" என்றார்.

ரத்தம் அதிகம் போகாமல் இருக்கத்தான் சொல்கிறார் என்று நினைத்தேன். அசையாமல் இருந்தேன். பிறகு யாரோ சமையல்காரர்கள்தான் என்னைத் தூக்கிக்கொண்டு போனார்கள்.

நரம்பு அறுந்துவிட்டது, கை தோளுக்கு மேல் எழும்பாது என்று மருத்துவமனையில் சொன்னார்கள். கல்யாணத்தில் நின்று லென்ஸைத் தாங்க வேண்டிய கை அது. வெட்டியவரைப் பிடிக்க மச்சான் எடுத்த படம் உதவும் என்று நம்பினோம். அதில் நான் உட்கார்ந்திருக்கிறேன், எனக்குப் பின்னால் கத்தியோடு அவர். இன்ஸ்பெக்டர் படத்தைப் பார்த்துவிட்டு, "முகமே தெரியலயேப்பா, இத வெச்சி நான் யாருன்னு சொல்றது?" என்றார். மண்டபத்தில் இருந்த அத்தனை பேரும் அந்த நேரத்தில் பந்தியில் உட்கார்ந்திருந்தார்களாம். வெட்டியவர் இன்று கௌரவமாகப் பேனர்களில் சிரித்துக்கொண்டிருக்கிறார்.

மச்சான் தலையில் அடித்துக்கொண்டு அழுதார். "ஒன் சட்டையில தெரிஞ்ச செவப்பு பூராவும் பீக்கிங் கோடுன்னு நெனச்சிட்டேன் மாப்ள. ரத்தம்னு தோணல. பதட்டத்துல ஃபோகஸும் தப்பிப்போச்சி" என்றார். யானைக்கும் அடி சறுக்கும் என்று வீட்டில் எல்லாரும் சமாதானம் ஆனோம். பிறகு அது குடும்பத்தில் வேடிக்கைக் கதையாகவே ஆகிவிட்டது. பொங்கலுக்குப் பொங்கல் அவரே நடித்துக் காட்டுவார். நானும் சிரித்திருக்கிறேன். சில வருடங்களில் அவர் தொழிலை விட்டார். லென்ஸை என்னிடம் கொடுத்தார்.

நான் இப்போது சிதம்பரத்தில் நகைக் கடைகளுக்குப் படம் எடுக்கிறேன். ஸ்டாண்டில் கேமராவை நிறுத்திவிட்டால் ஒரு கை போதும். அந்த லென்ஸைப் பழகியபோதுதான் அதன் குணம் தெரிந்தது. வெளிச்சம் வரும் துளையை முழுக்கத் திறந்து வைத்தால் அது தெளிவாகக் காட்டும் ஆழம் விரல் கனம்கூட வராது. மூக்குத்தியின் கல்லிலும் கோடு விழும், திருகாணியிலும் கோடு விழும். படம் பார்த்தால் இரண்டுமே மங்கல். சிவப்புக் கோட்டை நம்பினால் பக்கத்தில்தான் கொண்டுபோய் விடும். குறிவைத்த இடத்திலேயே ஃபோகஸ் விழ வேண்டுமானால் கட்டத்தை அங்கே நகர்த்தி, பட்டனை அழுத்திப் பெரிதாக்கி, பார்த்து, திருக வேண்டும். வேறு வழியே இல்லை.

ஒரு மத்தியானம் கையில் மூக்குத்தியோடு அப்படியே நின்றுவிட்டேன். அந்தப் பழைய படத்தைக் கம்ப்யூட்டரில் திறந்து பெரிதாக்கினேன். வெட்டியவன் முகம் மங்கல். என் முகம் மங்கல். படத்தின் கீழ் ஓரத்தில், என் தோளில், அறுந்த துணியின் ஒவ்வொரு நூலும் தெளிவாக இருந்தது. நூல்களுக்கு நடுவே பிளந்த சதையும். நாமாக நகர்த்தாதவரை கட்டம் படத்தின் நடுவில்தான் இருக்கும். அதை அந்த ஓரம் வரை அவர் தள்ளிக்கொண்டு போயிருக்கிறார். என் கடையைப் பூட்டிவிட்டுக் கடலூர் பஸ் ஏறினேன்.

மச்சான் வீட்டுக் கூடத்தில் தனியாக டிவி பார்த்துக்கொண்டிருந்தார். அவர் மனைவி சமையலறையில் பாத்திரம் கழுவிக்கொண்டிருந்தார். நான் உட்காரவில்லை.

"பெருசு பண்ணித்தான பாத்தீங்க?"

எதை என்று அவர் கேட்கவில்லை. டிவியை நிறுத்தினார்.

"பாத்தேன்."

"ரத்தம்னு தெரிஞ்சிதா?"

"தெரிஞ்சிது மாப்ள. கேமராவ எறக்குனா நான் ஓடியாந்து ஒன்னப் புடிக்கணும். வந்தா, பேனர் அடிச்சவன் நான்தான்னு அவனுக்குத் தெரிஞ்சிடும். கேமரா கண்ணுல இருக்கறவரைக்கும் எவனும் போட்டோக்காரன் மேல கை வைக்கமாட்டான். அதான் எங்கயாவது ஃபோகஸ் வெச்சிக்கினே இருந்தேன்."

ஊரையே கை நீட்டி அடித்த மனிதர் எப்பேர்ப்பட்ட கோழை என்று எனக்கு அப்போதுதான் தெரிந்தது. வலது கையால் அவரை அறைந்தேன். அவருடைய மூக்குக்கண்ணாடி சோபாவுக்குப் பின்னால் போய் விழுந்தது. அவர் எழவுமில்லை, கையைத் தூக்கவுமில்லை. சமையலறைப் பக்கம் பார்த்துவிட்டுத் தணிந்த குரலில் சொன்னார்.

"மெதுவா மாப்ள. உள்ள அவ இருக்கா."

முதல் அறை என் கைக்காக. அந்த 'மெதுவா'வுக்காக இன்னொன்று அறைந்தேன், வீடே கேட்கும்படி. உள்ளே குழாய்ச் சத்தம் நின்றது.