அம்மனைப் பார்த்துச் சொல்ல வேண்டிய வசனம்

பிள்ளைகளே,

உங்கள் சித்தப்பாவின் முதலாண்டுத் திதிக்கு வருகிற எல்லார் கையிலும் இந்த நினைவு மலர் இருக்கும். ஆனாலும் நான் எழுதுவது உங்கள் மூவருக்குத்தான். அதிகம் படிக்காதவன். பிழையைத் திருத்திப் படித்துக்கொள்ளுங்கள்.

சித்தப்பா பிறந்தது கோல சிலாங்கூர்ப் பக்கம், தோட்டத்து லயத்தில், தொழிலாளர் வரிசை வீட்டில். செம்பனைக் குலை ஏற்றும் லோரி ஓட்டினார். எண்ணெய் ஆலை வாசலில் வரிசையில் நிற்கும்போது படிப்பார். அப்படிப் படித்ததுதான் தமிழில் வந்த ஒரு பழைய ருஷ்ய நாவல். தலையணை கனம். ஓர் உயிரைப் போக்கியவன் கடைசியில் ஊரார் முன்னே மண்டியிட்டு ஒப்புக்கொள்ளும் கதை.

அதைப் பள்ளிப் போட்டிக்கு மூன்றே பேர் நடிக்க இருபது நிமிட நாடகமாகச் சுருக்கினார். வில்லுப்பாட்டாக்கியபோது பனி கொட்டும் நாட்டைத் தஞ்சோங் காராங் வயலாக்கி, பனிக்குப் பதில் அடைமழை வைத்தார். பிறகு தோட்டத்து மாரியம்மன் திருவிழாவுக்கு முழு நாடகம். ருஷ்யப் பெயர்கள் யார் நாக்கிலும் நிற்காததால் வேலை வாங்கும் மண்டோர், கணக்கெழுதும் கிராணி என்றே மாற்றிவிட்டார். குற்றவாளி வேஷம் எனக்கு.

எங்கள் தோட்டத்தில் மேடையை அம்மனுக்கு நேரெதிரே போடுவது வழக்கம். அங்கே நின்று வாயால் சொன்னது பலிக்கும் என்பார்கள். மூத்தவளே, அப்போது நீ உன் அம்மா வயிற்றில் ஏழு மாதம். கடைசிக் காட்சிக்கு முன் என் தாயார் திரைக்குப் பின்னால் வந்துவிட்டார்.

"புள்ளத்தாச்சிய வீட்ல வச்சுக்கிட்டு, ஆத்தா முன்னால கொன்னேன்னு சொல்லுவியாடா?"

அந்த வசனத்தை எடுத்துவிடும்படி சித்தப்பாவிடம் கேட்டேன். "அது இல்லன்னா கதையே இல்லண்ணே," என்றார்.

மேடையில் மண்டியிட்டேன். வாய் திறக்கவில்லை. கூட்டத்தில் ஒருவர், "பேசு லா, கொசு கடிக்குது," என்றார். திரை இழுத்துக்கொண்டிருந்த சித்தப்பா கைலியோடு வந்து என் பக்கத்தில் மண்டியிட்டார். அம்மனைப் பார்த்து, "கொன்னது நான்தான்," என்றார். கூட்டம் அழுதது.

அவருக்கு நிச்சயித்திருந்த பத்தாங் காலிப் பெண்வீட்டாரும் அங்கே உட்கார்ந்திருந்தார்கள். மறுவாரம் நிச்சயத் தட்டு திரும்பி வந்தது. "நாடகந்தான்னு தெரியுதுங்க. ஆனா அந்த வார்த்தைய ஆத்தா கேட்டுட்டாளே," என்றார் பெண்ணின் தாயார். அதற்குப் பிறகு சித்தப்பா கல்யாணப் பேச்சையே எடுக்கவிடவில்லை. என்னை ஒரு வார்த்தை கடிந்ததும் இல்லை.

சிறுநீரகம் கெட்டபின் நான்கு வருடம், வாரத்துக்கு மூன்று தடவை, ரவாங்கில் ஷிப்ட் முடித்த கையோடு அவரை ரத்தச் சுத்திகரிப்புக்குக் கூட்டிப்போனேன். களைத்துத்தான் போனேன், மறைக்க என்ன இருக்கிறது? ஊசி ஏறிய கையோடு கிடந்த அவர்தான் என்னைத் தூங்கச் சொல்வார். ஒருநாள் சிரித்துக்கொண்டே கேட்டார்: "அண்ணே, வசனம் இப்பவாச்சும் ஞாபகம் இருக்கா?" நான் கண்ணை மூடிக்கொண்டேன்.

நாற்காலியோடு அவரைத் தூக்கி இறக்கிய புக்கிட் பெருந்துங் அண்டை வீட்டாருக்கும், முகம் சுளிக்காத தாதியருக்கும், என்னால் வர முடியாத நாட்களில் கார் ஓட்டிய மாப்பிள்ளைக்கும் எங்கள் குடும்பம் கைகூப்புகிறது.

பதினாறாம் நாள் காரியம் முடிந்த மறுநாள், நீங்கள் வேலைக்குப் போனபின், தனியாகத் தோட்டத்துக்குப் போனேன். லயம் இல்லை. கோயில் மட்டும் இருந்தது. மேடை போடும் இடத்தில் புல் மண்டியிருந்தது. செருப்பைக் கழற்றி, முட்டி வலிக்க மண்டியிட்டு, அம்மனைப் பார்த்து என் வசனத்தைச் சத்தமாகவே சொன்னேன்.